பெரட்டுக்கு வராத ஐந்து பேர்

எண்பதுகளின் பிற்பகுதியில் நடந்தது இது. அப்போது நான் ஈப்போவில், ஒரு பல்கலைக்கழகத்தின் கிளை வளாகத்தில், மாணவர் சேர்க்கைப் பிரிவுக்குத் தலைமைக் கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் குமாஸ்தாதான். வீடு ஊருக்குள்ளேயே, சிலிபினில். வயது முப்பத்து மூன்று. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஆபீஸில் பேர். ஆனால் என் மேசையில் ஒரு கோப்பு தப்பாக இருக்காது. அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

அந்த வருடம் எங்கள் வளாகத்துக்குப் புதிய தலைவர் வந்தார். கண்ணாடி போட்ட பேராசிரியர் யாராவது வருவார் என்று பார்த்தால், வந்தவர் கடற்படைக்காரர். அதுவும் சும்மா கப்பல் ஓட்டியவர் இல்லை. லூமுட் கடற்படைத் தளத்தில் சிறப்புப் படைக்கு அதிகாரியாக இருந்தவர். கையையும் காலையும் கட்டிக் கடலில் போட்டாலும் மிதக்கிற ஆட்களுக்குத் தலைவர். நம்மவர்தான், ஈப்போ ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, பள்ளி முடித்த கையோடு கடற்படையில் சேர்ந்தவர். பணியில் இருந்தபடியே பட்டம், மேற்படிப்பு எல்லாம் முடித்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் தலையில் வந்து விடிந்தார். எல்லாரும் அவரைக் ‘கமாண்டர்’ என்றே அழைத்தோம்.

காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு பிரிவாக வந்து நின்று ஆட்களை எண்ணுவார். வருகைப் பதிவேடு கண்முன்னே திறந்து கிடக்கும், அதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். முகத்தைப் பார்த்து, விரலை நீட்டி, ஒன்று இரண்டு என்று எண்ணுவார். யாராவது குறைந்தால், ஏன், எங்கே, என்ன ஆச்சு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அடுத்த அறைக்குப் போவார். “நம்ம என்ன கோழிக்குஞ்சா, எண்ணிக் கூண்டுல அடைக்க?” என்று நான் முணுமுணுத்து எல்லாரையும் சிரிக்க வைப்பேன். அவர் காதில் விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று புதிய மாணவர் பதிவின் கடைசி நாள். மாலை நான்கு மணிக்குள் காலி இடங்களின் பட்டியலை டெலக்ஸ் இயந்திரத்தில் தலைமையகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பிவிட்டால் அந்த இடங்கள் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்குப் போய்விடும். அப்புறம் யார் வந்து அழுதாலும் திரும்பாது. நான் பட்டியலை முந்தின நாளே தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தேன். மொத்தம் ஏழு இடம் காலி. இரண்டு பேர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் எழுதியிருந்தார்கள். மீதி ஐந்து பேருக்கு நேரே, அவரவர் கோப்பிலும்கூட, சிவப்பு மையில் ‘இடம் வேண்டாம் என்றார்’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

கமாண்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். இந்த ஐந்து பேரும் வேண்டாம் என்று யாரிடம் சொன்னார்கள்?

எனக்குச் சுருக்கென்றது. என் கோப்பையே சந்தேகப்படுகிறாரே! உள்ளே போய், இடம் கிடைத்ததாக நாங்கள் அனுப்பித் திரும்பி வந்த ஐந்து பதிவுத் தபால்களையும் எடுத்து வந்து அவர் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் ‘பெற மறுத்தார்’ என்று தபால்காரர் குறித்திருந்தார். அவர் ஐந்தையும் வரிசையாகப் பரப்பினார். சிலிம் ரிவர் பக்கம் ஒரே தோட்டம். ஒரே தேதி முத்திரை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

ஆபீஸில் ஆங்கிலமும் மலாயும் மட்டும் பேசி, என்னை மலாய் வழக்கில் ‘புவான்’, அதாவது அம்மா, என்று அழைக்கிறவர், அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னிடம் தமிழில் பேசினார். “ஒரே தோட்டம், ஒரே நாளு. பிரிச்சிக்கூட பாக்காம அஞ்சு பேரும் வேணாம்னாங்களா? இது அவங்க முடிவு இல்ல புவான். யாரோ ஆர்டர் போட்டிருக்காங்க. யாருலா அது?”

கேட்ட கணமே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடுகிறார்கள், வரிசை வரிசையான லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சர்க்கார் முத்திரையோடு ஒரு பழுப்பு உறை வந்து, வாங்கிக் கையெழுத்துப் போடு என்றால் யார் போடுவார்கள்? கையெழுத்துப் போட்டால் வீட்டைக் காலி செய்ய ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயப்படமாட்டார்களா? இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுபதுகளில் நாங்கள் இருந்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, என் அப்பா படிக்கத் தெரியாமல் ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார். அடுத்த மாதமே சட்டி பானையோடு சிலிபினுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா சாகிறவரை அந்தக் கட்டை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்த வீட்டில் வளர்ந்த நான்தான் சிவப்பு மையில் ‘வேண்டாம் என்றார்’ என்று எழுதியிருக்கிறேன்.

“காடில ஏறுங்க,” என்றார் கமாண்டர். எங்கள் ஊரில் காடி என்றால் வண்டி. மணி எட்டே முக்கால். டிரைவரைக்கூட கூப்பிடவில்லை. வளாகத்து லேண்ட்ரோவரை அவரே எடுத்தார். ஐந்து உறைகளையும் சேர்க்கைப் பாரங்களையும் அள்ளிக்கொண்டு நான் ஏறினேன்.

கம்பார் தாண்டும்வரை நான், திட்டுவார், வேலைக்கே உலை வைப்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு கதை சொன்னார். ஒரு தீவுக்குப் பக்கத்தில் முக்குளிப்புப் பயிற்சி. ஒன்பது பேர் இறங்கினார்கள். நேரமாகிவிட்டது, தளத்துக்குத் திரும்ப வேண்டும். பட்டியலில் ஒன்பது பேருக்கும் மேலே வந்துவிட்டதாக டிக் விழுந்தாயிற்று. படகைக் கிளப்பும்போது எதற்கோ திரும்பிப் பார்த்திருக்கிறார்.

“பேப்பர்ல ஒம்பது பேரு. போட்டுல எட்டுப் பேரு.”

ஒருவன் கீழே பழைய மீன்வலையில் மாட்டிக்கொண்டு கிடந்தான். காற்று தீருகிற நேரத்தில் இவர் குதித்து, அறுத்து, மேலே கொண்டு வந்தார். அவன் பிழைத்துக்கொண்டான். நான் மூச்சு விட்டேன். பிறகு அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: “அன்னிக்கு டிக் போட்டது நான்தான்.”

அதுவரை அவரிடம் எனக்கு இருந்த பயம், எரிச்சல் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துவிட்டது. அப்பாவின் கைநாட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். “நீங்க சிலிபின் ஆளுன்னுலா நெனச்சேன்,” என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், நான்தான் நினைக்க வைத்திருந்தேன். பொறந்தது தோட்டத்துல சார் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை இன்னும் வேகமாக விரட்டினார்.

தோட்டத்துக்குள் நுழையும்போது மணி பதினொன்று. பாதி மலை மொட்டையாகச் சிவந்து கிடந்தது. லேண்ட்ரோவர் கதவில் இருந்த முத்திரையைப் பார்த்ததுமே லயத்தில் ஒரு சலசலப்பு. கமாண்டர் இறங்கி, வாசலில் நிமிர்ந்து நின்று, கப்பலின் அடுத்த கோடிக்குக் கேட்கிற குரலில் எல்லாரும் வெளியே வாங்க என்றார். ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. திறந்திருந்த இரண்டும் மூடிக்கொண்டன. கடலில் எத்தனையோ பேரை நடுங்க வைத்த மனிதர், லயத்து நாய்கள் சுற்றி நின்று குரைக்க, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

கடைசியில் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், கையில் விளக்குமாறு. அவரே அந்த லயத்துக்குத் தலைவி மாதிரி என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“துவான், கையெழுத்து கிய்யெழுத்துலாம் இங்க யாரும் போட மாட்டோம். வந்த வழியே போய்ட்டு வாங்க.”

கமாண்டர் பொறுமையாகச் சொன்னார், இது வீட்டு விஷயம் இல்லை, பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று. அந்த அம்மா அசையவில்லை. “போன மாசம் வந்தவனும் படிச்சவந்தான். அவனும் இப்டித்தான் சிரிச்சி சிரிச்சி பேசுனான்.”

மணி பதினொன்றேகால். திரும்பிப் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்போதுதான் மூடிக் கிடந்த தோட்ட ஆபீஸின் தாழ்வாரத்தைப் பார்த்தேன். உத்திரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது என்ன என்று தெரியும். விடியற்காலையில் அதைத் தட்டினால் பெரட்டு. வேலைக்காரர் அத்தனை பேரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும், கிராணி பேர் கூப்பிடுவார், இருக்கிறேன் என்று சொன்னால்தான் அன்றைக்கு வேலை. சின்ன வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். இனி ஜென்மத்துக்கும் பெரட்டுக் களத்தை மிதிக்கமாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டுத்தான் தோட்டத்தை விட்டு வந்தேன்.

ஹீல்ஸ் செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, தாழ்வாரத்துக்குப் போய், அங்கே கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கித் தட்டினேன். ஒரு வருடமாக அந்தத் தோட்டத்தில் பெரட்டு இல்லையாம். நட்ட நடுப் பகலில் அந்தச் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. முதலில் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தவர்கள், வந்த வேகத்தில் தன்னால் வரிசையில் நின்றார்கள். பால் எடுக்கிற வெட்டுக்காரர்கள் ஒரு பக்கம், வெளிக்காட்டு வேலைக்காரர்கள் ஒரு பக்கம். யாரும் சொல்லவில்லை, கால்களுக்கே இடம் தெரிந்திருந்தது. விளக்குமாற்று அம்மாவும் திட்டிக்கொண்டே வந்து தன் இடத்தில் நின்றார்.

ஆபீஸ் தமிழ் எல்லாம் மறந்து போய், அம்மா பேசிய பேச்சுத்தான் வாயில் வந்தது.

“நானும் தோட்டத்துப் புள்ளதான். எங்கப்பா கைநாட்டு வச்சித்தான் எங்க வீடு போச்சி. அந்த பயம் எனக்கு தெரியாதா? நான் வீட்டுக்கு வரல. அஞ்சு புள்ளைங்கள கூட்டிட்டுப் போவ வந்திருக்கேன். பேரு கூப்பிடுறேன், இருந்தா கைய தூக்குங்க.”

முதல் பெயரைக் கூப்பிட்டேன். இரண்டாவது தடவை கூப்பிட்டதும் பின்னாலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள். “இருக்கேன்க்கா.” விளக்குமாற்று அம்மா வெடுக்கென்று திரும்பினார். அவர் மகள்தான் அது. நான் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த கடிதத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னேன். பொறியியல் படிப்பு, தங்க இடம், உதவித்தொகை, பதிவுக்குக் கடைசி நாள் இன்று.

“சூராட்டே வரலன்னுலா நெனச்சேன்,” என்றாள் அந்தப் பெண், கடிதத்தை வாங்கிப் பார்த்து. “எடம் கெடைக்கலன்னு பெக்டரிக்கு எழுதிப் போட்டுட்டேன்.”

அந்த அம்மாவின் கையிலிருந்து விளக்குமாறு விழுந்தது. தபால்காரர் கொண்டு வருகிற எதையும் யாரும் வாங்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தவரே அவர்தான். வீடுகளைக் காப்பாற்றத்தான் சொன்னார், அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் தன் மகளின் இடத்தையே வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார். “ஐயோ, நானே என் கையால…” என்று மகள் பக்கம் திரும்பினார். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இதையே நானும் செய்திருக்கிறேன் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ.

அடுத்தடுத்து மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். ஐந்தாவது பெயருக்குப் பதில் இல்லை. அந்தப் பையன் சிலிம் ரிவரில் பலகை அறுக்கும் ஆலையில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று அவன் அப்பா சொன்னார். நாலு பேர் கிடைத்ததே பெரிசு, கிளம்பலாம் என்று நான் கமாண்டரைப் பார்த்தேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். “அஞ்சு,” என்றார், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் பெற்றோர் சம்மதப் பாரத்தில் கையெழுத்து வேண்டும். கையெழுத்து என்றதும் மறுபடி எல்லார் முகமும் இறுகிவிட்டது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கமாண்டரிடம் போனார். “மொதல்ல நீங்க போடுங்க துவான். அப்பறம் நாங்க போடுறோம்.”

கமாண்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு லேண்ட்ரோவரின் பானெட்டிலேயே தாளை வைத்து எழுதினார். ‘இந்தப் பாரங்களில் போடும் கையெழுத்துக்கும் இவர்கள் குடியிருக்கும் வீடுகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இருப்பதாக யாராவது சொன்னால் அதற்கு நான் பொறுப்பு.’ கீழே பெயர், கடற்படைப் பதவி, இப்போதைய பதவி, கையெழுத்து. அதை நான் சத்தமாகத் தமிழில் படித்தேன். அந்த அம்மா தாளை வாங்கி, நாலாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் பேனாவைக் கேட்டார். அவருக்கு எழுதத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார். மற்றவர்களும் வந்தார்கள், பலகை ஆலைப் பையனின் அப்பா உட்பட.

அந்த ஆலையில் வேறு கூத்து. முத்திரை போட்ட வண்டியைப் பார்த்ததும் ஆலை முதலாளியான சீனத் தவுக்கே ஓடி வந்து, பையன் என்ன திருடினான் என்று மலாயில் கேட்டார். பல்கலைக்கழகத்தில் இடம் என்று சொன்னதும் ஒரு நிமிடம் நம்பவில்லை. நம்பியதும் பையனின் முதுகில் ஒரு அறை வைத்து, போ போ என்று தள்ளினார். உடம்பெல்லாம் மரத்தூளாக இருக்கிறதே என்று உள்ளே போய்த் தன்னுடைய நல்ல சட்டை ஒன்றையும் கொண்டு வந்து கொடுத்தார். அது அவனுக்கு இரண்டு அளவு பெரிசு. வண்டியில் உட்கார்ந்து ஐந்து பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பீடோரில் மழை பிடித்துக்கொண்டது. தாப்பாவில் ஈய லாரி ஒன்று வழிவிடாமல் உயிரை வாங்கியது. நான் நிமிடத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கமாண்டர் மட்டும் சாவதானமாக, ஆளுக்கு ஒரு பாடத்தில் கேள்வி கேட்டுக்கொண்டே ஓட்டினார். வளாகத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்று முப்பத்தைந்து.

டெலக்ஸ் அறைப் பெண்ணிடம் ஓடிப்போய் நிறுத்து என்று கத்தினேன். பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டேன். ஐந்து கோப்பிலும் சிவப்பு மையை நானே அடித்து, பக்கத்தில் ‘நேரில் வந்து பதிந்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கோப்பில் அடித்தல் விழுந்தது அதுதான் முதல் தடவை. அதைவிட அழகான கோப்பு நான் வைத்ததில்லை. காலி இடம் ஏழு என்பது இரண்டு ஆயிற்று. மூன்று ஐம்பத்தாறுக்கு டெலக்ஸ் போனது. ஆபீஸே எழுந்து நின்று கை தட்டியது. அந்த ஐந்து பேருக்கும் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்றே புரியவில்லை, அவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

கமாண்டர் விரலை நீட்டி ஐந்து முகத்தையும் எண்ணினார். இந்தத் தடவை நான் முணுமுணுக்கவில்லை. எண்ணி முடித்துவிட்டு, “சாப்ட்டீங்களா?” என்று கேட்டார். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

அந்த ஐந்து பேரும் பட்டம் வாங்கினார்கள். அதில் இரண்டு பேர் முதல் வகுப்பு. அந்த அம்மாவின் மகள் பிறகு எங்கள் வளாகத்துக்கே விரிவுரையாளராக வந்தாள். கமாண்டர் பின்னாளில் பல்கலைக்கழகம் முழுவதற்கும் தலைவரானார். அன்றைக்குத் தப்பு யாருடையது என்று அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் நானே இங்கே சொல்கிறேன்.

வெற்றியோடு கதையை முடித்துவிடலாம். ஆனால் மறுநாள் காலையில் நான் செய்த முதல் வேலை, கோப்பறைக்குப் போய் முந்தைய வருடங்களின் கட்டுகளை அவிழ்த்ததுதான். தோட்டத்து முகவரி, பிரிக்காத உறை, பக்கத்தில் என் கையெழுத்தில் சிவப்பு மை. ஒன்று இரண்டல்ல. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்க் கமாண்டரின் மேசையில் வைத்தேன். அவர் பார்த்தார், வண்டிச் சாவியை எடுத்தார். அதற்கப்புறம் பல சனிக்கிழமைகள் நாங்கள் தோட்டம் தோட்டமாகப் போனோம். சிலருக்கு அடுத்த வருடம் இடம் வாங்கிக் கொடுக்க முடிந்தது. சிலருக்குக் கல்யாணமாகிக் கையில் பிள்ளை இருந்தது. சிலருடைய லயமே இல்லை, செம்பனைக் கன்றுகள்தான் நின்றன.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை, ஒருவர் ‘வேண்டாம்’ என்றார் என்று அவர் முகத்தைப் பார்த்து, அவர் வாயாலேயே கேட்காமல், யாரைப் பற்றியும் நான் எழுதியதில்லை, சொன்னதுமில்லை.